விழுங்குவதைப் பார்க்கும் உத்தியோகம்

ஒருவன் மாத்திரை விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு அரசாங்கம் எனக்குப் பணம் தருவதாகச் சொன்னது. சம்பளம் என்று சொல்லக் கூடாதாம், ஊக்கத்தொகை. அவன் ஆறு மாத மாத்திரையையும் விடாமல் விழுங்கி முடித்தால் மொத்தமாக ஒரே தடவை தருவார்கள். நடுவில் நிறுத்திவிட்டால் எனக்கு ஒன்றும் கிடையாது. நடுவில் நிறுத்தினால் அவனுக்கு என்ன ஆகும் என்பதையும் அதே மூச்சில் சொன்னார்கள். நான் முதல் பாதியைத்தான் கவனமாகக் கேட்டேன்.

அப்போது ஆந்திர எல்லையில் நகரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். அதற்கு முன் அதே இடத்தில் எஸ்டிடி பூத். அதற்கும் முன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். நாடு எந்தப் பக்கம் போகிறது என்று தெரிய வேண்டுமானால் நான் எதில் முதல் போடுகிறேன் என்று பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் நடந்தால் போதும். ஊரில் முதல் கம்ப்யூட்டர் சென்டர் திறந்த மாதம் நான் ஏழு டைப்ரைட்டர் வாங்கினேன். எல்லார் சட்டைப் பையிலும் செல்போன் மணி அடிக்க ஆரம்பித்தபோது என் பூத்தின் கண்ணாடிக் கூண்டுக்குப் புது பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கூண்டை வாங்க ஆள் கிடைக்காததால் அது ஜெராக்ஸ் மிஷினுக்குப் பக்கத்திலேயே நின்றது, செத்துப்போன டெலிபோனோடு.

காசநோய்ப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்த ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து என்னிடம்தான் ரிப்போர்ட்டுகளை நகல் எடுப்பார். தெலுங்குக்காரர். என் கடையில் கிடக்கும் புத்தகங்களைப் பார்த்து என்னைப் பெரிய ஆளாக நினைத்துவிட்டார். ஒருநாள் கூண்டைச் சுற்றிப் பார்த்தார்.

"சார், மீரு சதுவுகுன்னவாரு. படிச்சவர் நீங்க. ஒரு பேஷண்ட் இருக்கான். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்றான். உங்க கடைக்கு வந்து உங்க கண்ணு முன்னாடி துன்னுட்டுப் போவட்டும்."

"நான் டாக்டர் இல்லையே."

"டாக்டர் எதுக்கு சார்? கண்ணு இருந்தா சாலு."

கண் போதும் என்கிற தகுதியில் எனக்குக் கிடைத்த முதல் அரசு வேலை அது. ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுத்தார். அதன் மேல் நோயாளியின் பெயர் எழுதியிருந்தது. ஆறு மாத மாத்திரையும் அந்த ஒரே பெட்டிக்குள். இடையில் தீர்ந்துபோச்சு, ஸ்டாக் இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. வீட்டுக்குப் போய் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். "ஒருத்தர் வாயில போடறதப் பாக்கறதுக்குக் காசா? எனக்கு எவ்ளோ வரணும் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு என் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டாள்.

ஊக்கத்தொகையை வைத்து என்ன செய்வது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். கடைக்கு ஒரு சுழல் நாற்காலி. முழு விலைக்குக் காணாது, பாதிக்காவது ஆகும். இருபது வருஷமாக ஸ்டூலில் உட்கார்ந்தவனுக்கு, உட்கார்ந்தபடியே திரும்பலாம் என்பது சின்ன விஷயம் இல்லை.

நோயாளி விசைத்தறி ஓட்டுகிறவன். முப்பது வயதுக்குள். மனைவி வீட்டில் தறிக்கு நூல் தார் சுற்றுவாள், ரெண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. இருமல் விஷயம் தெரிந்தால் தறிக்காரர் நிறுத்திவிடுவார், வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்வார் என்று பயம். அதனால் திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்குக் கையில் ரேஷன் கார்டோடு வருவான். "ஒரு காப்பி ண்ணா!" என்று பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கும்படி சொல்வான். நான் நகல் எடுப்பேன். அவன் கண்ணாடிக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். ஏழு மாத்திரை, ஒரு சொம்பு தண்ணீர். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவன் யாருக்கோ போன் பேசிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். போனில் பேசுகிறவன் எதற்கு அண்ணாந்து தண்ணீர் குடிக்கிறான் என்று ஒருவரும் கேட்டதில்லை. எல்லாருக்கும் பஸ் பிடிக்கிற அவசரம்.

மேற்பார்வையாளர் சொல்லிக்கொடுத்தபடி நான் கண்ணாடியைத் தட்டுவேன்.

"வாயத் தொற."

திறப்பான்.

"நாக்கத் தூக்கு."

"அடியில வெச்சிக்கினு எங்க ண்ணா எடுத்துக்கினு போவப் போறேன்? இத வாங்க எவன் கீறான்?"

"ம், தூக்குப்பா."

தூக்குவான். நான் பெட்டியோடு வந்த சிகிச்சை அட்டையில் கோடு போடுவேன். முதல் நாள் பழக்கதோஷத்தில் நகலுக்குக் காசு கேட்டுவிட்டேன், அவனும் கொடுத்துவிட்டான். பிறகு வெட்கமாக இருந்தது. ஆனால் திருப்பிக் கொடுக்கிற அளவுக்கு இல்லை. நகல்களை அவன் எடுத்துப் போவதில்லை, மேஜைக்கு அடியில் சேர்ந்தன. ரெண்டு மாதத்தில் ஒரே ரேஷன் கார்டுக்கு இருபத்துநாலு நகல். ஒரு குடும்பத்தை அவ்வளவு தடவை யாரும் அத்தாட்சிப்படுத்தியிருக்க மாட்டார்கள்.

அவன் தேறினான். கன்னம் விழுந்திருந்த முகத்தில் சதை பிடித்தது. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது என்று முதல் வாரம் அலறியவன், பிறகு அதை நோய் கரைந்து போவதாக எடுத்துக்கொண்டான். சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. மேற்பார்வையாளர் என் கையைக் குலுக்கினார். இன்னும் நாலு மாதம் மாத்திரை பாக்கி. அதில் வாரத்துக்கு ஒரு மாத்திரை அட்டை. முதல் மாத்திரையை என் முன் போட்டால் போதும், மற்றதை வீட்டில் போட்டுக்கொண்டு காலி அட்டையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். கஷ்டமான பகுதி முடிந்தது என்று நினைத்தேன். மனதுக்குள் நாற்காலியில் ஒரு சுற்று சுற்றினேன்.

அடுத்த திங்கட்கிழமை ஏழு மணிக்கு அவன் வரவில்லை. ஏழரைக்கும் வரவில்லை. ஒவ்வொரு பஸ் வந்து நிற்கும்போதும் நான் கடை வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். புதன்கிழமை வந்தான். மொட்டைத் தலையில் சந்தனம், கையில் ஒரு லட்டு. ரேஷன் கார்டு இல்லை.

"திருப்பதி போய்ட்டு வந்தம் ண்ணா. அலிபிரி அடிவாரத்துலேர்ந்து நடந்தே ஏறிட்டேன், இன்னா நினைச்சிக்கினே! ஒரு இருமல் வர்ல."

"சந்தோஷம்ப்பா. கூண்டுக்குள்ள போ, மாத்திர எடுத்து வைக்கிறேன்."

"மாத்திர வேணாம் ண்ணா. முடிஞ்சிச்சு."

நோய் வந்தபோது அவன் மனைவி வேண்டிக்கொண்டாளாம், இருமல் நின்றால் மலையேறி மொட்டை போட்டுக் காணிக்கை செலுத்துவதாக. மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தார்கள். இருமல் நின்றது, போய்ச் செலுத்திவிட்டார்கள். இதற்குப் பிறகு மாத்திரை போட்டால் என்ன அர்த்தம் என்று என்னையே கேட்டான்.

"சாமிகிட்ட, நீ சரி பண்ணிட்டேன்னு சொல்லி முடி குடுத்துட்டு வந்துட்டேன். இப்ப மறுபடி மாத்திர துன்னா, இன்னும் சரியாவலன்னு அவுரு மூஞ்சிக்கு நேரா சொன்னா மாதிரி இல்ல? தப்பு ண்ணா."

வீட்டில் ஒரு அலமாரி நிறைய பகுத்தறிவுப் புத்தகம் வைத்திருக்கிறேன். அதில் ஒன்றிலும் இதற்குப் பதில் இல்லை. கிருமி செத்தது போலப் படுத்திருக்கும், நிறுத்தினால் எழுந்து வரும், வந்தால் இந்த மாத்திரைக்குக் கேட்காது என்று சொன்னேன். "சாமி கண்ணுக்குத் தெரியாமயா படுத்துக்கினு இருக்கும்?" என்றான். பிறகு சாதாரணமாகச் சொன்னான்: ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு காண்டிராக்டர் ஆள் எடுக்கிறாராம், வெள்ளிக்கிழமை கிளம்புகிறானாம், ரேஷன் கார்டு நகல் நாலைந்து கேட்டிருக்கிறார்களாம்.

மேஜைக்கு அடியில் குனிந்து எடுத்துக் கொடுத்தவன் நான்தான்.

மேற்பார்வையாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "போயிந்தி சார், எல்லாம் போச்சு. திரும்ப வந்தா ஊசி, ரெண்டு வருஷம். அப்பவும் கேரண்ட்டி லேது. அங்க ரூமுக்கு எட்டுப் பேர் படுக்கறாங்க. வீட்ல பாப்பா இருக்கு." பிறகு மெதுவாக, "மாச மீட்டிங்ல என்னைத்தான் நிக்க வெச்சுக் கேப்பாங்க" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் முடித்தால் எனக்கு ஊக்கத்தொகை. மேற்பார்வையாளருக்கு மீட்டிங்கில் நல்ல பெயர். அவருக்கு மேல் இருப்பவருக்கும் ஏதோ ஒன்று இருக்கும். ஒரு மனிதனின் தொண்டையைச் சுற்றி இத்தனை பேருக்கு ஆசை காட்டியவர்கள், அந்தத் தொண்டைக்காரனுக்கு மட்டும் ஒன்றும் வைக்கவில்லை. நோயாளியின் கணக்கிலேயே மாதாமாதம் பணம் போடுகிற ஏற்பாடெல்லாம் பின்னால் வந்தது. அன்றைக்கு அவனுக்குக் கிடைத்தது ஏழு மாத்திரையும், வயிற்றுப் புரட்டலும், நாக்கைத் தூக்கு என்கிற அதிகாரமும்.

இரண்டு வாரம் கடையில் உட்கார முடியவில்லை. நகல் எடுக்கும்போது தாள்களைத் தலைகீழாக வைத்தேன். ஒரு வக்கீல் குமாஸ்தா திட்டிவிட்டுப் போனார். அவனுக்காகத் தவிக்கிறேனா, நாற்காலிக்காகவா என்று ராப்பகலாக யோசித்தும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியை டிபன் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். ரெண்டு பஸ் மாறி சத்தியவேடு, அங்கிருந்து ஸ்ரீ சிட்டிக்கு ஷேர் ஆட்டோ.

ஷிப்ட் விடுகிற நேரம். ஒரே நிறச் சட்டையில் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். எல்லாருக்கும் கழுத்தில் அடையாள அட்டை. சென்னைப் பக்கத்துப் பேச்சு, தெலுங்கு, ஒரிசாக்காரர்களின் இந்தி எல்லாம் கலந்து என்னைத் தாண்டிப் போயின. அவன் என்னைப் பார்த்ததும் கூட்டத்துக்குள் ஒதுங்கினான். பிறகு என்ன நினைத்தானோ, வந்து என் கையைப் பிடித்து டீக்கடைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான்.

"இன்னா ண்ணா, இங்க வந்துக்கினு! கூட இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சா ரூம்ல சேக்க மாட்டாங்க."

"மாத்திரையப் போட்டுடு, போயிடறேன்."

"நான்தான் சொன்னேன் இல்ல?"

அங்கேதான் என் அறிவு முழுவதையும் பயன்படுத்தினேன். "இதப் பாரு, நீ முடிச்சா கவர்மெண்ட்ல எனக்குக் கொஞ்சம் பணம் தருவாங்க. பாதி உனக்கு."

எவ்வளவு என்று கேட்டான். சொன்னேன். சிரித்தான், டீக்கடைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.

"ஒரு ஷிப்ட் கூலி கூட ஆவாது ண்ணா. அதுக்குப் போயி சாமிகூட சண்ட போடச் சொல்றியே!" டீக்குக் காசு அவனே கொடுத்தான். "நாற்காலிய வேற எப்பிடியாவது வாங்கிக்கோ." நாற்காலி விஷயத்தை எப்போது அவனிடம் சொன்னேன் என்று இன்றுவரை ஞாபகம் வரவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவன் மனைவி கடைக்கு வந்தாள், இடுப்பில் குழந்தையோடு. நான் போன விஷயம் அதற்குள் போனில் வந்துவிட்டிருந்தது. குழந்தையைக் கூண்டுக்குள் இறக்கிவிட்டாள். அது செத்த டெலிபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டது.

"ண்ணா, வேண்டிக்கினது நான்தான். இருமல் நின்னான்னு வேண்டிக்கினேன். நோய் முழுசாப் போனான்னு வேண்டியிருக்கணும். தப்பு என்னுது."

"உன் தப்பு ஒண்ணும் இல்லம்மா."

"இல்ல, கேளு. நான் மறுபடி வேண்டினா, சாமிய நம்பலன்னு அவரு சண்டைக்கு வருவாரு. வேற யாராவது வேண்டினா அது வேற. அவுங்க வேண்டுதல் அவுங்களுது. ஒருத்தர் வேண்டுதலுக்கு நாம தடை ஆனா அந்தப் பாவம் நம்ம தலையில. அத அவரு தாங்க மாட்டாரு." இடுப்பிலிருந்து ஒரு துண்டு மஞ்சள் துணியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "நீ முடி."

"எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை இல்லையேம்மா."

"உனுக்கு எதுக்கு? அவருக்குக் கீது இல்ல?"

இவ்வளவு சுருக்கமான விடையைப் படித்தவர்கள் யாரும் எனக்குச் சொன்னதில்லை. சரி என்று சட்டைப்பையில் கை விட்டேன். ஒரு ரூபாய் வந்தது. அதைத் துணியில் முடிந்தால் போதுமா என்று கேட்டேன்.

"அது அடையாளத்துக்கு. அவரு மாத்திரைய முடிச்சாக் குடுக்கறதா எத வேண்டிக்கப் போற? உனுக்கு வலிக்கணும் ண்ணா. வலிக்காதத சாமி கண்டுக்காது."

ரொம்ப நேரம் யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான். வலிக்கக்கூடியது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் இன்னும் கைக்கு வரவில்லை. அவன் ஆறு மாதமும் முடித்தால் அரசாங்கம் தருகிற தொகை முழுவதும் மலைக்கு என்று சத்தமாகச் சொல்லி முடிச்சைப் போட்டேன். அவள்தான் சத்தமாகச் சொல்லச் சொன்னாள். சொல்லும்போது ஜெராக்ஸ் மிஷின் காகிதம் சிக்கிக்கொண்டு ஊளையிட்டது.

அந்த வாரமே மறுபடி ரெண்டு பஸ், ஷேர் ஆட்டோ. வழியெல்லாம் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஏமாற்றப் போகிறேனா, உண்மையாகவே வேண்டிக்கொண்டேனா? நம்பாதவன் போட்ட முடிச்சு செல்லுமா? சத்தியவேடு வரைக்கும் ஒரு முடிவுக்கும் வரவில்லை. டீக்கடைக்குப் பின்னால் மஞ்சள் முடிச்சை எடுத்து அவன் முன் நீட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். அவன் அதைத் தொடவில்லை.

"யாரு சொல்லிக் குடுத்தா, எம் பொண்டாட்டியா?"

"முடிஞ்சது நான்தான்."

"நாற்காலி?"

"ஸ்டூல் நல்லாத்தான் இருக்கு."

"சாமியே இல்லன்னு சொல்ற ஆளு நீ. ஏன் ண்ணா இப்பிடிப் பண்ணே?" குரல் கோபமாக இருந்தது. "இப்ப நான் நிறுத்துனா உன் வேண்டுதல் நிக்கும். நான்தான காரணம்?" காலால் மண்ணைச் சீண்டிக்கொண்டு அங்குமிங்கும் நடந்தான். பிறகு கையை நீட்டினான். "எட்றா மாத்திரைய" என்று முனகினான். என்னையா, பொதுவாகவா என்று நான் கேட்கவில்லை.

டீ டம்ளரில் தண்ணீர் வாங்கி விழுங்கினான். நான் சொல்லாமலே வாயைத் திறந்தான், நாக்கைத் தூக்கினான்.

விட்டுப்போன வாரங்களையும் சேர்த்து முடிக்க வேண்டும் என்றார் மேற்பார்வையாளர். ஒரு ஞாயிறு அவன் வருவான், அடுத்த ஞாயிறு நான் போவேன். நான் பஸ்ஸுக்குக் கொடுத்ததில் ரெண்டு நாற்காலி வாங்கியிருக்கலாம். அவன் எண்ணெய் ஒட்டிய காலி அட்டைகளை சட்டைப்பையில் மடித்துக் கொண்டுவந்து காட்டுவான். நடுவில் ஒரு முறை சாதாரண ஜலதோஷத்தில் இருமினான். அந்த வாரம் முழுவதும் நானும், அவன் மனைவியும், மேற்பார்வையாளரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைத் தவிர்த்தோம். கடைசிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை. பெட்டி காலி. மேற்பார்வையாளர் சிகிச்சை அட்டையில் 'குணமடைந்தார்' என்று எழுதி, என் கடையிலேயே அதை நகல் எடுத்துக்கொண்டார். காசு வாங்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் பணம் வரவில்லை.

ஒரு மாதம் ஆயிற்று, ரெண்டு மாதம் ஆயிற்று. எனக்கு அவசரம் இல்லை, மலைக்குப் போகிற பணம்தானே. அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. புது செல்போனிலிருந்து வாரம் தவறாமல் கூப்பிட்டான். "வந்துச்சா ண்ணா? வேண்டுதல் நிக்கக் கூடாது ண்ணா. எனுக்குத்தான் ஏதாவது ஆவும்." நெஞ்சு சளி பிடித்த மாதிரி இருக்கிறது என்பான், ராத்திரி வேர்க்கிறது என்பான். டாக்டர் ஒன்றும் இல்லை என்றார். ஒரு ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கடை வாசலில் வந்து நின்றான். "இன்னா ஆச்சு, ஆபீஸ்ல கேட்டியா?"

கேட்டிருந்தேன். அவர்கள்மேல் குற்றம் இல்லை. ஊக்கத்தொகைக்கான விண்ணப்பப் பாரத்தில் நான் எழுதிக்கொடுத்த வங்கிக் கணக்கு, எஸ்டிடி பூத் பெயரில் இருந்து எப்போதோ மூடிய கணக்கு. ஊருக்கெல்லாம் பாரம் நிரப்பித் தருகிற நான் எனக்கு நிரப்பியது அது ஒன்றுதான். அனுப்பிய பணம் வந்த வழியே திரும்பிப் போயிருந்தது.

அவன் கடைக்குள் வந்து ஸ்டூலை எனக்கு இழுத்துப் போட்டான். புதுப் பாரத்தை முன்னால் வைத்தான்.

"எழுது ண்ணா. நான் பாத்துக்கினு நிக்கிறேன்."

ஒவ்வொரு எண்ணாக எழுதினேன். பாஸ்புக்கோடு ஒப்பிட்டு அவன் வாய்விட்டுப் படித்தான். கடைசி எண்ணில் என் கை கொஞ்சம் தயங்கியபோது, "ம்" என்றான். அந்த 'ம்' எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். முதல் ரெண்டு மாதம் கண்ணாடிக்கு வெளியே நின்று நான் போட்டது.

பணம் வந்த அடுத்த ஞாயிறே என்னை இழுத்துக்கொண்டு போனான். அலிபிரியிலிருந்து நடந்துதான் ஏற வேண்டும் என்று பிடிவாதம். நான் படிக்குப் படி உட்கார்ந்தேன். அவன் முன்னால் ஓடி, திரும்பி வந்து, மறுபடி ஓடினான். "வா ண்ணா, மூச்சு வாங்குது பார் உனுக்கு. டெஸ்ட் எடுத்துக்கினியா?" என்று கேட்டுச் சிரித்தான். மேலே வரிசையில் எத்தனை மணி நேரம் நின்றோமோ, சாமியை ஒரு கணம் பார்ப்பதற்குள் "ஜரகண்டி, ஜரகண்டி" என்று நகர்த்திவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. இருபது வருஷமாக எல்லாரும் எனக்குச் சொல்லிவருவது அதைத்தான்.

உண்டியலைச் சுற்றித் துணி கட்டியிருக்கும். கையைத் துணிக்குள் விட வேண்டும், உள்ளே என்ன விழுகிறது என்று வெளியே தெரியாது. மஞ்சள் முடிச்சையும் நோட்டுகளையும் சேர்த்துப் பிடித்துக் கையை உள்ளே விட்டேன். பின்னாலிருந்து ஜனம் தள்ளுகிறது. ஒரு வினாடி விரல் பிரியவில்லை. பேராசை என்று சொல்ல மாட்டேன், பழக்கம். பிறகு விட்டேன், கையை வெளியே எடுத்தேன்.

அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"கையத் தொற ண்ணா."

"போட்டுட்டேன்ப்பா."

"தொற."

திறந்தேன். திருப்பியும் காட்டச் சொன்னான், காட்டினேன். விரல் இடுக்கெல்லாம் பார்த்தான். பிறகு நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்து விட்டான். இருமல் வரவில்லை. "காலைல ஷிப்ட் ண்ணா, பஸ் போயிடும்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் இடித்துக்கொண்டு ஓடினான். நான் கையை மூடாமல் நின்றேன். பின்னால் இருந்த அம்மாள் பிரசாதம் வாங்குகிற வரிசை இது இல்லை என்று தெலுங்கில் சொல்லி என்னை நகர்த்தினார்.